ஒரு வடகிழக்குச் சீனத் தாலாட்டைப் பெரிய வாத்தியக்குழுவுக்கு எழுதுகிறேன், சத்தம் அடங்க மாட்டேன் என்கிறது

மூன்றாம்மாடி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரில் இருக்கிறேன். எங்கள் வட்டாரத்தில் ஒரு சீன வாத்தியக்குழு இருக்கிறது. 38 பேர், எல்லோரும் வேலைக்குப் போய்க்கொண்டே வாரம் ஒரு நாள் மாலை கூடி வாசிப்பவர்கள். நான் கீபோர்டில் பழகி, குழுவுக்கு எழுதுவதைத் தானாகப் படித்துக்கொண்டவன். போன வருடம் அவர்களுக்குச் சின்னதாக ஒன்று எழுதிக் கொடுத்தேன். பிடித்துப்போய் இந்த முறை ஏழு நிமிடத்துக்கு ஒன்று கேட்டிருக்கிறார்கள்.

எடுத்துக்கொண்டது ஒரு தாலாட்டு. எங்கள் கீழ்வீட்டில் ஒரு பாட்டி, சீனாவின் வடகிழக்கில் லியாவ்னிங் மாகாணத்திலிருந்து மகனோடு வந்து இருப்பவர். நானும் மனைவியும் வேலைக்குப் போகும் நாட்களில் எங்கள் மகளைப் பார்த்துக்கொண்டது அவர்தான். மகள் அவரை நைநை என்று கூப்பிடுவாள், இப்போது நாங்களும் அப்படித்தான். அவர் பாடுவது அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த நாட்டுத் தாலாட்டு. நிலா காய்கிறது, காற்று அடங்கிவிட்டது, மரத்து இலை ஜன்னலை மறைக்கிறது, சுவர்க்கோழி கத்துவது வாத்தியத் தந்தியை மீட்டுவது போல இருக்கிறது என்று போகும் பாட்டு. அவர் பாடுவதை போனில் பதிவுசெய்து வைத்திருக்கிறேன். பின்னால் ஃபேன் ஓடும் சத்தம்கூட அதில் இருக்கிறது, அதை நீக்க மனம் வரவில்லை.

முதல் வடிவத்தில் திட்ஸி (குழல்) தனியாகத் தொடங்கும், எர்ஹூக்கள் (இரண்டு தந்தி வில் வாத்தியம்) மெட்டை வாங்கிக்கொள்ளும், அப்புறம் பிபாக்கள் (விரலால் மீட்டும் தந்தி வாத்தியம்) உருட்டும், நாலாவது நிமிடத்தில் சுவோனா (சீவாளி வைத்து ஊதும் வாத்தியம்), பெரிய முரசு எல்லாம் சேர்ந்து உச்சம். கம்ப்யூட்டரில் கேட்கும்போது நன்றாகத்தான் இருந்தது. இரண்டு வாரம் முன் ஒத்திகையில் வாசித்துக் காட்டினார்கள். சுரம் எதுவும் தப்பில்லை, எல்லோரும் அக்கறையாக வாசித்தார்கள், ஆனால் அது தாலாட்டு இல்லை, திருவிழா ஊர்வலம். மெதுவாக வாசியுங்கள் என்று கேட்டுக்கொண்ட பிறகும் அப்படியே. ஒவ்வொரு வாத்தியமும் தன் குரலில் தனியாக எழுந்து நிற்கிறது, ஒன்றுக்குள் ஒன்று கரையவே இல்லை.

இந்தக் குழுவில் அமைதியை எப்படி எழுதுவது? ஸ்வரக்கூட்டு (கார்ட்) எது வைக்கலாம்? வேகம் இப்போது நிமிடத்துக்கு 60 தட்டு, அது சரியா? முடிவு மட்டும் சரியாக வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். கடைசி நாலு பாரை (தாள அளவை) மெல்ல மெல்ல மெதுவாக்கி எர்ஹூவின் ஒற்றைச் சுரத்தில் நிறுத்தியிருக்கிறேன்.


நாணல்சவ்வு எழுதியது:

வணக்கம் அண்ணா. நான் பினாங்கு, படித்தது சீன ஆரம்பப் பள்ளி, அங்கே பிடித்த திட்ஸியை இன்னும் விடவில்லை.

முதல் விஷயம், திட்ஸியில் ஊதும் துளைக்கும் விரல் துளைகளுக்கும் நடுவில் இன்னொரு துளை இருக்கும், அதன்மேல் நாணல் தண்டின் உள்ளிருந்து உரித்த சவ்வை ஒட்டியிருப்போம். வெங்காயச் சருகைவிட மெல்லியது. ஒட்டும்போது குறுக்காகச் சின்னச் சின்னச் சுருக்கம் விழவேண்டும், அந்தச் சுருக்கம்தான் அந்த 'ஸ்ஸ்' என்கிற பளபளப்பைக் கொடுக்கிறது. வயல்வெளியில் இன்னொரு கரைவரை கேட்கவேண்டிய வாத்தியத்துக்கு அது வேண்டும். தூங்கும் பிள்ளை பக்கத்தில் அது வேண்டாம்.

உங்களுக்கு மூன்று வழி இருக்கிறது. ஒன்று ஷியாவ், நேராகப் பிடித்து ஊதும் மூங்கில் குழல், சவ்வு கிடையாது, கீழ்ச்சுரங்கள் மூச்சும் ஒலியும் பாதிப்பாதியாக வரும். ஆனால் பக்கத்தில் இரண்டு பிபா வாசித்தாலே அது காணாமல் போய்விடும், அதனால் ஷியாவ் வரும் இடத்தில் மற்றவர்களை நிறுத்திவிடுங்கள், மெதுவாக வாசிக்கச் சொல்வது போதாது. இரண்டாவது, சவ்வில்லாமல் செய்யும் புதுவகைக் குழல், உங்கள் குழுவில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். மூன்றாவது, சாதாரண திட்ஸியில் சவ்வுத் துளையை செலோ டேப் போட்டு மூடிவிடுவது, உடனே ஒலி உருண்டையாகிவிடும். நான் பலமுறை செய்திருக்கிறேன்.

சுவோனாவை எடுத்துவிடுங்கள். வடக்கில் கல்யாணத்துக்கும் சாவுக்கும் முன்னால் நடக்கும் வாத்தியம் அது, நம் நாதஸ்வரம் மாதிரி இரட்டைச் சீவாளி. அதன் கம்பீரத்தை மதிக்கிறேன், ஆனால் தொட்டில் வீட்டுக்குள் அதற்கு வேலை இல்லை.


இருதந்தி எழுதியது:

எர்ஹூ வாசிப்பவன் என்ற முறையில் ஒரு கேள்வி. நைநை பாடும்போது அவருடைய மிகத் தாழ்ந்த சுரம் எது? கீபோர்டில் வைத்துப் பார்த்துச் சொல்லுங்கள்.


மூன்றாம்மாடி எழுதியது:

பார்த்தேன். நடு சி-க்குக் கீழே இருக்கும் ஏ. நான் எழுதும்போது எர்ஹூவுக்கு ஏற்ற மாதிரி நாலு சுரம் மேலே தூக்கியிருந்தேன்.


இருதந்தி எழுதியது:

சிக்கல் அங்கேதான். எர்ஹூவுக்கு இரண்டே தந்தி, உள்தந்தி நடு சி-க்கு மேலே உள்ள டி, வெளித்தந்தி அதற்கு ஐந்தாம் சுரமான ஏ. அந்த டி-க்குக் கீழே ஒன்றுமே கிடையாது. நைநையின் குரல் முக்கால்வாசி எர்ஹூ போகமுடியாத இடத்தில் நடக்கிறது. நீங்கள் மேலே தூக்கியதும் கிழவியின் பாட்டு இளம்பெண்ணின் பாட்டாகிவிட்டது. எர்ஹூ குடும்பத்தில் உயர்ந்த குரலான காவ்ஹூ இன்னும் மேலே, அதைத் தொடவே வேண்டாம்.

ஜோங்ஹூவுக்குக் கொடுங்கள். எர்ஹூவின் அக்கா மாதிரி, கொஞ்சம் பெரிய பெட்டி, உள்தந்தி ஜி, நைநையின் ஏ அதற்கு ஒரு படி மேலே சுகமாக உட்காரும். ஒரே ஒருவர் வாசிக்கட்டும். குழுக்களில் ஜோங்ஹூக்காரர்களுக்கு மெட்டு கிடைப்பது அபூர்வம், எப்போதும் இடைக்குரல்தான், அவர்கள் வீட்டில் எடுத்துப்போய் உயிரைக் கொடுத்துப் பழகுவார்கள் பாருங்கள்.

ஒன்றுக்குள் ஒன்று கரையவில்லை என்றீர்களே, அது உங்கள் குறை இல்லை. இந்த வாத்தியங்களில் பல, டீக்கடை மாதிரி இடத்தில் நாலைந்து பேர் உட்கார்ந்து வாசித்துப் பழகியவை, அங்கே ஒவ்வொருவர் குரலும் தனியாகத் தெரிவதுதான் அழகு. இப்போது நாம் பார்க்கும் பெரிய குழு 20-ஆம் நூற்றாண்டில் வந்தது. 1920-களில் ஷாங்ஹாயில் முயற்சிகள் தொடங்கி, 1930-களில் நான்ஜிங் வானொலியில் ஒரு குழு அமைந்து, 1953-க்குப் பிறகு பெய்ஜிங் ஒலிபரப்புக் குழுவில் பெங் ஷியூவென் போன்றவர்கள் வரிசைப்படுத்தியது. மேற்கத்திய சிம்பொனியைப் பார்த்து நாலு பிரிவாக உட்காரவைத்தார்கள். வில் வாத்தியங்களில் தாழ்ந்த குரல் போதாமல் பல குழுக்கள் செல்லோவையும் டபுள்பாஸையும் கடன் வாங்கிக்கொண்டன. அமைப்பு சிம்பொனி, குரல்கள் டீக்கடை. 38 பேரை ஒரே நேரத்தில் வாசிக்கவைத்தால் அமைதி வராது. 38 பேரில் எந்த ஐந்து பேர் இப்போது என்று யோசியுங்கள்.


ஒலிப்பலகை எழுதியது:

சென்னையில் ஸ்டூடியோ வேலை, வாத்தியப் பகுதிகள் எழுதுவதும் பதிவு செய்வதும். நான் கொஞ்சம் மாறுபடுகிறேன்.

ஏழு நிமிடம் ஐந்து பேரே வாசித்தால் அரங்கில் உட்கார்ந்திருப்பவர் பொறுப்பாரா? மேலே சொன்னதெல்லாம் முதல் இரண்டு நிமிடத்துக்குச் சரி. அதன்பிறகு வில் வாத்தியங்கள் எல்லாவற்றையும் நீளமான ஸ்வரக்கூட்டுகளாகப் பரப்பி, மெட்டுக்கு அடியில் ஒரு மெத்தை போடுங்கள். முதல், ஆறாம், நாலாம், ஐந்தாம் கூட்டு, பழகிய பாதைதான், ஆனால் கேட்பவர் நெஞ்சை அது தொடும். தாலாட்டுக்கு 6/8 தாளம் (மும்மூன்றாகப் போவது) வைத்தால் ஆட்டமும் தானாக வந்துவிடும். இது என் பல வருட அனுபவம், பலமுறை வேலை செய்திருக்கிறது.


நாலுதந்தி எழுதியது:

ஒலிப்பலகை சாரின் அனுபவத்தை மதித்தே சொல்கிறேன், இந்தப் பாட்டுக்கு அந்த நாலு கூட்டும் கெடுதல் செய்யும். ஏன் என்று விளக்க முயற்சி செய்கிறேன். நான் கர்நாடக வயலின்.

மூன்றாம்மாடி, உங்கள் குழுவினர் எண்களில் எழுதிய தாளைப் பார்த்து வாசிக்கிறார்கள் இல்லையா, ஜியான்பு? அதில் 1 2 3 5 6 என்று இருப்பது நமக்கு ச ரி க ப த. சுருதியை எங்கே வைத்தாலும் 1 என்பது ஆதார ஷட்ஜம், நம் வழக்கம் மாதிரியே. நைநை பாடும் வடிவத்தில் 4-ம் 7-ம் வருகிறதா? வரவில்லை என்றால் அது மோகனத்தின் ஐந்து சுரம். சீனர்கள் இந்த ஐந்துக்கும் கொங், ஷாங், ஜுவே, ஜி, யூ என்று பெயர் வைத்து, எதை ஆதாரமாக எடுத்தாலும் ஒரு வகை என்றார்கள். நம் கிரகபேதம்தான். மோகனத்தின் ரி-யை ஷட்ஜமாக வைத்தால் மத்யமாவதி, க-வை வைத்தால் இந்தோளம், ப-வை வைத்தால் சுத்த சாவேரி, த-வை வைத்தால் சுத்த தன்யாசி.

இந்த ஐந்து சுரத்தில் அடுத்தடுத்து அரைச்சுர இடைவெளியே கிடையாது. நி இல்லாததால் மேல் ச-வுக்குப் போயே ஆகவேண்டும் என்கிற இழுப்பு இல்லை. ம இல்லாததால் க-வில் இறங்கியே ஆகவேண்டும் என்கிற அழுத்தமும் இல்லை. அதனால்தான் இந்த மாதிரி மெட்டை எந்த இடத்திலும் விட்டுவிடலாம், எந்த இடத்திலிருந்தும் மறுபடி தொடங்கலாம், நாற்பது தடவை சுற்றினாலும் சுற்றும். பிள்ளை எப்போது தூங்கும் என்று யாருக்குத் தெரியும்? அதற்குத் தகுந்த சுரம் அது. இப்போது நாலாம் கூட்டு வைத்தால் ம த ச, ம உள்ளே வந்துவிட்டது. ஐந்தாம் கூட்டு ப நி ரி, நி வந்துவிட்டது. இரண்டும் வந்தால் பாட்டுக்கு ஒரு அவசரம் வந்துவிடும், எங்கேயோ போய்ச் சேரவேண்டும் என்று.

கூட்டு வேண்டுமென்றால் ஷெங் இருக்கிறதே, குழாய்க்கொத்தை வாயால் ஊதும் வாத்தியம். அது பழைய முறையில் மெட்டுச் சுரத்தோடு ஐந்தாம் சுரத்தையோ நாலாம் சுரத்தையோ சேர்த்தே ஒலிக்கும் வாத்தியம். ச-ப, ரி-த, த-க, பெரும்பாலும் ஐந்து சுரத்துக்குள்ளேயே முடிந்துவிடும்.

இன்னொன்று, எல்லோரும் ஒரே மெட்டை வாசிக்கட்டும், ஆனால் ஆளுக்கொரு விதமாக. ஷாங்ஹாயைச் சுற்றிய ஜியாங்நான் பகுதியில் 'பட்டும் மூங்கிலும்' என்று ஒரு டீக்கடை இசை மரபு உண்டு, பட்டு என்றால் தந்தி, மூங்கில் என்றால் குழல். அங்கே கூட்டே கிடையாது. ஒருவர் மெட்டை மொட்டையாக வாசிப்பார், இன்னொருவர் அதையே பூ வைத்துக்கட்டுவது போல நுணுக்கமாக வாசிப்பார், நீ அடர்த்தியாகப் போனால் நான் விலகிக்கொள்கிறேன் என்று. பாடகரின் பின்னால் வயலின் நிழலாகப் போவதைக் கேட்டவர்களுக்கு இது உடனே புரியும். வடகிழக்குக்குச் சொந்தமான முறை இல்லைதான், ஆனாலும் சீன வாத்தியக்காரர்கள் எல்லோருக்கும் பழக்கமானது.


ஒலிப்பலகை எழுதியது:

//பாட்டுக்கு ஒரு அவசரம் வந்துவிடும்//

இதை இப்போது கீபோர்டில் இரண்டு விதமாகவும் வாசித்துப் பார்த்தேன். ஒத்துக்கொள்கிறேன், நி சேர்ந்ததும் தாலாட்டு சினிமாக் காட்சியாகிவிடுகிறது. 6/8 பற்றி யாராவது சொல்லுங்கள், அதை நான் இன்னும் விடவில்லை.


மூன்றாம்மாடி எழுதியது:

நாலுதந்தி, 4-ம் 7-ம் வரவே இல்லை, இன்று மூன்று தடவை கேட்டுப் பார்த்துவிட்டேன்.

தாளத்துக்காக நைநையிடமே போய்க் கேட்டேன். என் மாண்டரின் சுமார்தான், மகள் இடையில் உதவினாள். தொட்டிலை எப்படி ஆட்டுவீர்கள், மேற்கத்தியத் தொட்டில் மாதிரித் தரையில் சாய்ந்து சாய்ந்து ஆடுமா என்று கேட்டதற்கு, இல்லவே இல்லை என்று கையை ஆட்டினார். அவர்கள் ஊரில் தொட்டில் கூரை உத்தரத்திலிருந்து கயிற்றில் தொங்குமாம். வடகிழக்கைப் பற்றி வெளியூர்க்காரர்கள் சொல்லும் மூன்று விசித்திரங்களில் அதுவும் ஒன்று: ஜன்னல் காகிதத்தை வெளிப்பக்கம் ஒட்டுவார்கள், பெண்கள் நீளக் குழாயில் புகையிலை பிடிப்பார்கள், பிள்ளையை வளர்க்கத் தொங்கவிடுவார்கள். சொல்லிவிட்டு ரொம்ப நேரம் சிரித்தார். படகு மாதிரி வளைந்த மரத்தொட்டில், அடுப்படியில் வேலை செய்துகொண்டே கயிற்றை இழுத்துவிட்டால் போதும் என்று கையால் இழுத்துக் காட்டினார். எங்கள் அம்மா வீட்டில் சேலையில் கட்டிய தூளியை நான் சொன்னேன். போனில் படம் காட்டியதும், இதேதான், துணியில் கட்டியிருக்கிறீர்கள் என்றார்.


கரும்பலகை எழுதியது:

இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இசை தெரியாது. ஆனால் தொங்கும் தொட்டில் என்றால் ஊசல், அது என் பாடம்.

ஊசல் ஒருமுறை போய்வரும் நேரத்தைக் கயிற்றின் நீளமே தீர்மானிக்கிறது, பிள்ளையின் எடைக்கு அதில் பங்கு இல்லை. கட்டிய இடத்திலிருந்து பிள்ளை படுத்திருக்கும் இடம்வரை 2 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஒரு போய்வரல் சுமார் 2.8 விநாடி. ஒன்றரை மீட்டர் என்றால் சுமார் 2.5 விநாடி. சாதாரணக் கூரை வீட்டில் இதற்கு மேல் நீளம் கஷ்டம்.

போக ஒரு பார், வர ஒரு பார், பாருக்கு இரண்டு தட்டு என்றால், 2.8 விநாடிக்கு நாலு தட்டு, நிமிடத்துக்கு ஏறத்தாழ 84. நீங்கள் வைத்திருக்கும் 60-க்கு நாலு தட்டு 4 விநாடி ஆகிறது, அதற்குக் கயிறு கிட்டத்தட்ட 4 மீட்டர் வேண்டும். அவ்வளவு உயரத்தில் யார் தொட்டில் கட்டியிருப்பார்கள்?


நாலுதந்தி எழுதியது:

அருமை சார். 6/8 கேள்விக்கும் இதிலேயே பதில் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். ஹான் சீனர்களின் நாட்டுப்பாடல்கள் பெரும்பாலும் இரண்டின் தாளம், மூன்றின் நடை அவர்களிடம் அரிது. 2/4-லேயே விடுங்கள், போவதற்கு ஒன்று, வருவதற்கு ஒன்று.


கடலோரக்காற்று எழுதியது:

இரண்டு பிள்ளை வளர்த்தவள், அதனால் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். எல்லோரும் அமைதி அமைதி என்கிறீர்கள். தாலாட்டுப் பாடுகிறவள் அமைதியாக இருப்பதாக யார் சொன்னது? அவளுக்கு இடுப்பு வலிக்கும், நாளைக்குச் சோற்றுக்கு என்ன என்று ஓடிக்கொண்டிருக்கும், புருஷன் வந்து சேரவில்லை என்றிருக்கும். அவள் குரலை மட்டும் அமைதியாக வைத்திருக்கிறாள். பிள்ளைக்குத் தெரியக்கூடாது என்பதற்காக.

தைவானில் ஹொக்கியன் மொழியில் ஒரு தாலாட்டு உண்டு, 1945-இல், குண்டு விழுந்துகொண்டிருந்த காலத்தில், லூ சுவான்ஷெங் இசையமைத்தது. ஒரு ராத்திரிக்கு ஒரு அங்குலம் வளரு என்று பிள்ளையிடம் சொல்வது. கேட்டால் அதில் குண்டு இல்லை, விமானம் இல்லை. வளர்ந்துவிடு என்கிற ஏக்கம்தான் இருக்கிறது.

மூன்றாம்மாடி, உங்கள் நாலாவது நிமிடத்து உச்சத்தை முழுவதும் தூக்கிப்போடாதீர்கள். சுவோனா, முரசு வேண்டாம். ஆனால் அந்த இடத்தில் அவள் மனசுக்குள் இருப்பது கொஞ்சம் வெளியே வரட்டும், பாட்டு மட்டும் மாறாமல் அப்படியே போகட்டும்.


இருதந்தி எழுதியது:

இதைப் படித்துவிட்டு இரவு வாசித்துப் பார்த்தேன். மெட்டு ஜோங்ஹூவில் அதே அளவில், அதே வேகத்தில் போகட்டும். அதன் அடியில் செல்லோவும் டபுள்பாஸும் ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல ஏறட்டும், மெட்டை மூடும் அளவுக்கு வந்து, மூடாமல் இறங்கிவிடட்டும். எர்ஹூக்கள் உள்தந்தியிலேயே மேலே ஏறி வாசிக்கச் சொல்லுங்கள். வெளித்தந்தியில் சுலபமாகக் கிடைக்கும் சுரத்தையே உள்தந்தியில் மேலே எடுத்தால் குரல் கம்மி, தொண்டை அடைத்த மாதிரி வரும். அதுதான் கடலோரக்காற்று அக்கா சொன்னது என்று எனக்குப் படுகிறது.


மூன்றாம்மாடி எழுதியது:

பத்து நாள் ஆயிற்று. முழுவதும் திருப்பி எழுதினேன், நேற்று ஒத்திகை.

இப்போது இப்படி இருக்கிறது. முதலில் ஷெங் இருவர் மட்டும், மெட்டு இல்லை, ச-ப. ஷெங்கில் ஊதினாலும் உறிஞ்சினாலும் ஒரே சுரம் வரும் என்பது தெரிந்ததுதான், ஆனால் அதை எழுத்தில் பயன்படுத்த எனக்கு இதுவரை தோன்றியதில்லை. ஒரு பார் வெளிமூச்சு, ஒரு பார் உள்மூச்சு என்று அம்புக்குறி போட்டுக் கொடுத்தேன். போக ஒன்று, வர ஒன்று. வெளிமூச்சிலிருந்து உள்மூச்சுக்குத் திரும்பும் இடத்தில் ஒலி ஒரு கணம் மெலிந்து மறுபடி நிறைகிறது, தொட்டில் ஒரு பக்கம் உச்சிக்குப் போய் நின்று திரும்புமே, அதேதான். வாசித்தவர்களில் ஒருவர் அறுபது வயதைத் தாண்டியவர், டாக்சி ஓட்டுபவர். அரங்கில் ஏசி கடுமையாக இருந்ததால் ஷெங்கின் நாக்குகளில் ஈரம் கட்டாமல் இருக்க ஆரம்பிக்கும்முன் வாத்தியத்தைச் சூடுகாட்டிக்கொண்டே இருந்தார். எட்டு பார் முடிந்ததும் வாத்தியத்தை இறக்கிவிட்டு, இது நான் தூங்கும் மூச்சு என்றார்.

ஒன்பதாவது பாரில் ஜோங்ஹூ. நைநையின் சுருதி, நைநையின் ஏ. அதன் பின்னால் ஷியாவ் அதே மெட்டைக் கொஞ்சம் தள்ளி, சில சுரங்களை விட்டுவிட்டு வாசிக்கிறது. ஜோங்ருவான் (வட்டப் பெட்டி கொண்ட மீட்டும் வாத்தியம்) இரண்டு பேர் அதே மெட்டின் முக்கியச் சுரங்களை மட்டும் தொடுகிறார்கள். பிபாவின் ஐந்துவிரல் உருட்டல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். சுவர்க்கோழி வரும் வரிக்கு யாங்ச்சின் (கோலால் தட்டும் தந்தி வாத்தியம்) கோலைத் திருப்பிப் பிடித்து, ரப்பர் இல்லாத மூங்கில் பக்கத்தால் மேல் தந்திகளில் ஒன்றிரண்டு தட்டு, அதோடு குசெங்கில் (நீளப் பெட்டியில் தந்தி கட்டி மீட்டுவது) பாலத்துக்கு இடதுபக்கம், சுருதியே இல்லாத பகுதியில் விரல் நகத்தால் ஒரு சீண்டல். பாட்டே அதைத் தந்தியின் ஒலி என்று சொல்லும்போது நான் வேறு எதைத் தேடுவது?

வேகம் 84. முதலில் பயந்தேன், ஓடுமோ என்று. ஓடவில்லை, ஷெங்கின் மூச்சு பாரைத் தாங்கிக்கொண்டது. 38 பேரும் சேர்ந்து வாசிக்கும் இடம் இப்போது நாலாவது நிமிடத்தில் பத்து பார் மட்டுமே, இருதந்தி சொன்ன மாதிரி. அந்தப் பத்து பாரில் அரங்கில் யாரும் அசையவில்லை.

இதுவரை நல்ல செய்தி. ஒத்திகையைப் பதிவுசெய்து நைநையிடம் போட்டுக் காட்டினேன். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, விரலால் மேஜையைத் தட்டிக்கொண்டே கேட்டார். ஜோங்ஹூ வந்ததும் கண்ணை மூடிக்கொண்டார். கடைசி நாலு பாரில் நான் மெதுவாக்கியிருந்தேன் இல்லையா, அங்கே அவர் விரல் மெதுவாகவில்லை. அதே வேகத்தில் தட்டிக்கொண்டே இருந்தார், பாட்டு பின்தங்கிவிட்டது. கண்ணைத் திறந்து, ஏன் நிறுத்துகிறாய், பிள்ளை விழித்துக்கொள்ளும் என்றார். பாட்டை நிறுத்தலாம், கை நிற்கக்கூடாது, அது தானாக அடங்கும்வரை விட்டுவிட வேண்டும் என்றார்.

நான் சரியாக வந்திருக்கிறது என்று நினைத்த ஒரே இடம் அதுதான்.


கரும்பலகை எழுதியது:

நைநை சொன்னது முழுக்கச் சரி. கையை எடுத்துவிட்டால் ஆட்டத்தின் அகலம் குறைந்துகொண்டே வரும், ஆனால் ஒரு போய்வரலுக்கு ஆகும் நேரம் குறையாது, கூடாது. ரொம்ப அகலமாக வீசி ஆட்டாதவரை, ஒரு சாண் ஆடினாலும் ஒரு விரற்கடை ஆடினாலும் அதே 2.8 விநாடிதான். தொட்டில் மெதுவாகி நிற்பதில்லை. அதே தாளத்தில் சின்னதாகிக்கொண்டே போய் நிற்கிறது.


மூன்றாம்மாடி எழுதியது:

சார், இதைப் படித்ததும் எழுந்துபோய்த் தாளைத் திருத்திவிட்டேன். மெதுவாக்கும் குறி எல்லாம் போயிற்று. இப்போது ஜோங்ஹூ மெட்டின் கடைசி வரியில் முடிவுக்கு முந்தைய சுரத்திலேயே விட்டுவிடுகிறது, ச-வுக்கு வருவதில்லை (நாலுதந்தி சொன்னது, எங்கே வேண்டுமானாலும் விடலாம் என்று). அப்புறம் ஷெங் மட்டும், 84-லேயே, உள்ளே ஒன்று வெளியே ஒன்று, 16 பார். ஒவ்வொரு இரண்டு பாருக்கும் சத்தம் ஒரு படி குறைந்துகொண்டே போய், கடைசி இரண்டு பாரில் சுரம் வேண்டாம், வாத்தியத்துக்குள் மூச்சு போய்வரும் ஒலி மட்டும். நடத்துநர் கையை இறக்காமல் இன்னும் இரண்டு பார் தாளம் காட்டவேண்டும் என்று எழுதியிருக்கிறேன்.

ஒலிப்பலகை சார், இதைப் பதிவுசெய்ய வேண்டி வரும். அந்த மூச்சொலி மைக்கில் வருமா?


ஒலிப்பலகை எழுதியது:

வரும், ஆனால் பதிவின்போது ஏசியை நிறுத்தச் சொல்லுங்கள், கட்டாயம். ஷெங்குக்கு மைக்கை வாய்ப்பக்கம் வைக்காதீர்கள், குழாய்களின் உச்சிக்குச் சற்று மேலே, ஒரு முழம் தள்ளி. ஜோங்ஹூவுக்குத் தோல் பக்கத்துக்கு நேராக வேண்டாம், கொஞ்சம் சாய்த்து. மிக்ஸ் செய்பவர் மெல்லிய ஒலியை மேலே இழுத்துச் சமன்படுத்தப் பார்ப்பார், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். முதல் நிமிடத்துக்கும் கடைசி நிமிடத்துக்கும் உள்ள வித்தியாசம் அப்படியே இருக்கவேண்டும். பதிவை எனக்கு அனுப்பினால் நானே மிக்ஸ் செய்து தருகிறேன், காசு வேண்டாம், இதில் எனக்கும் கொஞ்சம் பங்கு இருந்தால் சந்தோஷம்.


கடலோரக்காற்று எழுதியது:

நைநையின் பதிவில் ஃபேன் சத்தம் இருக்கிறது என்றீர்களே, அதை மட்டும் எப்போதும் அழிக்காதீர்கள் தம்பி.


மூன்றாம்மாடி எழுதியது:

அழிக்க மாட்டேன் அக்கா. அடுத்த வியாழன் மறுபடி ஒத்திகை, நைநை தானும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். நாணல்சவ்வு, ஷியாவ் வாசிப்பவர் அன்று வரமாட்டார், அவர் இடத்தில் திட்ஸியில் டேப் போட்டு வாசிக்கச் சொல்லலாமா? ஏற்கெனவே ஒட்டியிருக்கும் சவ்வை என்ன செய்வது?


நாணல்சவ்வு எழுதியது:

தாராளமாக. சவ்வு நன்றாக ஒட்டியிருந்தால் பிய்க்கவேண்டாம் என்று நினைப்பார்கள், ஆனால் அதன்மேல் டேப் ஒட்டினால் கிழிந்துவிடும், எனவே முதலில் விரல் நுனியை நனைத்துச் சவ்வின் ஓரத்தை ஊறவைத்து எடுத்துவிடட்டும். துளையைச் சுற்றிப் பழைய பசை இருந்தால் ஈரத்துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு டேப், சுருக்கம் இல்லாமல் இழுத்து. மறுநாள் புதுச் சவ்வு ஒட்டப் பசை கையில் இல்லையென்றால் பூண்டை நறுக்கித் துளையைச் சுற்றித் தேய்த்தால் போதும், அந்தச் சாறே பிடித்துக்கொள்ளும். தாழ்ந்த சுருதித் திட்ஸியாக எடுத்துவரச் சொல்லுங்கள், சின்னது வேண்டாம்.